சினிஸ்ட்ரல் என்பது இடம்புரி அன்று

அன்புடையீர், வணக்கம்.

இடப்புறம் சார்ந்தது என்று பொருள்படும் சினிஸ்ட்ரல் (sinistral) என்ற ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழில் ‘இடம்புரி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் அழகானதுதான், ஆனால் சங்கைப் பொறுத்தவரை அது நேர் எதிரான பொருளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பட்டுத்துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்துப் பூசிக்கும் வலம்புரிச் சங்கை ஒரு விலங்கியலாரிடம் கொடுத்தால், அவர் அதன் சுருள்முனையை மேலாகவும் வாயைத் தம் பக்கமாகவும் பிடித்து, வாய் இடப்புறம் இருப்பதைக் கண்டு, சினிஸ்ட்ரல் என்று எழுதிக்கொள்வார். நம் மரபோ சுருள்முனையைக் கீழாக வைத்துப் பார்க்கிறது; தலைகீழானதும் வாய் வலப்புறம் வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் மிகுதியாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்குதான் விலங்கியலாருக்கு டெக்ஸ்ட்ரல், அதாவது வலப்புறத்தது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அரிய சங்கு பாடநூலில் சாதாரணச் சங்காகிவிடும். (சினிஸ்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கு இடது என்பதோடு தீய சகுனம் என்ற பொருளும் ஏறியது, அப்பெயர் போயும் போயும் திருமகளுக்குரியதாக நாம் போற்றும் சங்கின்மேல் விழுந்திருக்கிறது.)

இடம், வலம் என்றாலே யாருடைய இடம், யாருடைய வலம் என்று கேட்டாக வேண்டும். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் வலம்புரி விநாயகர். துதிக்கை வளைவது அவருடைய வலப்புறம், எதிரே நின்று கும்பிடும் நமக்கோ அது இடப்புறம்.

எனவே புரியை, அதாவது சுருளும் திசையை, விட்டுவிட்டு வாயைப் பிடிப்போம். சுருள்முனை மேலிருக்க வாய் இடப்புறம் அமைந்த ஓடு ‘இடவாய் ஓடு’. மற்றது ‘வலவாய் ஓடு’. வலம்புரிச் சங்கு இடவாய் ஓடுடையது என்று அப்போது முரணின்றி எழுதலாம். நத்தைக்கும் இது பொருந்தும்.

நிலவியலில் இதே பெயரடை, நிலப்பிளவின் ஒரு கரையில் நின்று பார்க்க எதிர்க்கரை இடப்பக்கம் நகர்ந்திருப்பதைக் குறிக்கிறது. அங்கே ‘இடப்பெயர்ச்சி’ என்றால் ஊர்விட்டு ஊர் போவதாகப் படிக்கப்படும். ‘இடதுநகர் பிளவு’ என்பதே தெளிவு. மனிதருக்கு இடக்கையர் போதும். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச்சொல் வேண்டியதில்லை.

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களிடம் இதற்குப் பழகிய சொல் வேறு உண்டென்று யாரேனும் அறிந்து எழுதினால், ‘இடவாய்’ என்பதை விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.