சம்பளம், வைப்பு வட்டி, கடை வாடகை, வயல்: 2025/26 வரிக் கணக்கு எப்படிப் போடுறது?

குளக்கட்டு (கிளிநொச்சி):
வணக்கம். 2025 ஏப்ரல் தொடக்கம் 2026 மார்ச் வரைக்குமான வருமான வரி விபரத்திரட்டுக்கு (உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கிற வருடாந்தக் கணக்கு) ஆயத்தம் செய்கிறேன். சம்பளம் மாதம் 210,000 ரூபா, அதில் மாதாமாதம் 3,600 வரி பிடிபடுது. நிலையான வைப்பு வட்டியாக பாஸ்புக்கில் விழுந்தது 216,000. டவுனில் ஒரு கடை அறை, வாடகை மாதம் 25,000. இரணைமடுக் குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல். பெரும்போகம் வெள்ளத்தில் போய் 80,000 நட்டம். சம்பளத்திலும் வங்கியிலும் வரி எடுத்தாச்சு, இனிக் கட்ட ஒன்றும் இல்லை என்று இருக்கலாமா? இந்த விலைவாசியில் கடைசி நேரத்தில் பெரிய தொகை வந்தால் சமாளிக்கேலாது.

பேரேடு:
இருக்கேலாது. சம்பளம் மட்டும் வருமானமாக இருந்து அதற்கு முழு வரியும் பிடித்திருந்தால் விபரத்திரட்டே தேவையில்லை. உங்களுக்கு வாடகையும் வட்டியும் இருக்கு.

முதல் பிழை வட்டியில். பாஸ்புக்கில் விழுவது வங்கி 10 வீதம் கழித்த மிச்சம். 216,000 என்றால் உண்மையான வட்டி 240,000, பிடித்த வரி 24,000. 240,000 ஐத்தான் எழுத வேணும். பிறகு அந்த 24,000 ஐக் கட்டிய வரியாகக் காட்டுங்கோ. வங்கியிடம் வரி கழித்த சான்றிதழ் கேட்டு வாங்குங்கோ. 2025 ஏப்ரலுக்கு முன் இது 5 வீதமாக இருந்தது. பழைய நினைப்பில் கணக்குப் போடாதேங்கோ.

இப்ப தொகைக்கு வருவம். சம்பளம் 2,520,000, வாடகை 300,000, வட்டி 240,000. மொத்தம் 3,060,000. வாடகையில் 25 வீதம், அதாவது 75,000 கழியும் (இதை எடுத்தால் திருத்த வேலைச் செலவைத் தனியாகக் கழிக்கேலாது). தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடுகிற தொகை, 1,800,000. மிச்சம் 1,185,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம் 60,000. மேலே உள்ள 185,000 க்கு 18 வீதம் 33,300. ஆக 93,300. சம்பளத்தில் பிடித்த 43,200, வங்கி பிடித்த 24,000 இரண்டும் போனால் கட்ட வேண்டியது 26,100. வயலை நான் இன்னும் தொடேல்லை.

ஏன் இப்படி மிஞ்சுது என்றால், சம்பளப் பகுதி உங்களுடைய சம்பளத்தை மட்டும் பார்த்து 6 வீதம் பிடிக்குது. வாடகையும் வட்டியும் அதற்கு மேலே ஏற, அதில் ஒரு பகுதி 18 வீதத்துக்குள் போகுது. இது அவையின்ர பிழை இல்லை.

வரம்பு:
வயல் கணக்கை நான் சொல்றன். முதலில் ஒரு கேள்வி: அந்த 80,000 பெரும்போகத்துக்கு மட்டுமா? வரி வருசத்துக்குள் 2025 சிறுபோகமும் வருது. சிறுபோகத்தில் இலாபம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் நட்டம். காப்புறுதியோ நட்டஈடோ கிடைத்திருந்தால் அதுவும் வரவு. விளைபொருளைப் பதப்படுத்தாமல் விற்கிற விவசாய இலாபத்துக்கு இருந்த ஐந்து வருச விலக்கு 2024 மார்ச் 31 உடன் முடிஞ்சுது. ஆகவே "வயலுக்கு வரி இல்லை" என்ற பேச்சை விடுங்கோ.

நட்டம் உண்மையில் 80,000 தான் என்றால், அதைச் சம்பளத்திலிருந்து கழிக்கேலாது. ஆனால் வாடகை, வட்டி போன்ற முதலீட்டு வருமானத்திலிருந்து கழிக்கலாம். உங்களுக்கு அது போதும்: 1,185,000 என்பது 1,105,000 ஆகும், வரி 78,900, கட்ட மிச்சம் 11,700. 14,400 ரூபா குறையுது. கழிபடாமல் மிஞ்சும் நட்டத்தை ஆறு வருசத்துக்குக் கொண்டு போகலாம்.

இதற்கு ஆதாரம் வேணும். உழவு, விதைநெல், பசளை, மருந்து, அறுவடை மெசின் கூலி: மெசின்காரர் பில் தரமாட்டார் என்றால் திகதி, ஏக்கர், தொகை எழுதி ஒப்பம் வாங்குங்கோ. வெள்ளச் சேதத்துக்குக் கமநல சேவை நிலையத்தில் பதிந்த பிரதி முக்கியம். வீட்டு ஆட்கள் சும்மா செய்த வேலைக்குக் கூலி போடேலாது. உழவு இயந்திரம் வாங்கினால் முழு விலையையும் ஒரே வருசத்தில் செலவாக எழுதவும் ஏலாது. எல்லாத் துண்டையும் ஐந்து வருசம் வைத்திருங்கோ.

மாங்குளம் அக்கா:
தம்பி, அந்த வைப்பு உங்கள் பேரில் தனியாகவா, மனைவியோடு சேர்ந்தா? சேர்ந்ததென்றால் அவவின்ர பங்கு வட்டி அவவின்ர கணக்கில் வரும். அவவுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் வருசம் 18 இலட்சத்துக்குள் இருக்கிறபடியால் வரியே இல்லை. அவவுக்கு டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) எடுத்து, அவவின்ர பேரில் இருக்கிற வைப்புக்கு வங்கியில் சுய பிரகடனம் (வருமானம் 18 இலட்சத்துக்குள் என்று தானே எழுதிக் கொடுக்கிற பத்திரம்) கொடுத்தால் 10 வீதத்தைப் பிடிக்காது. ஒருக்கால் கொடுத்தால் போதும் என்று விடாதேங்கோ, ஒவ்வொரு வரி வருசத் தொடக்கத்திலும் திரும்பக் கொடுக்க வேணும்.

முடிவில் மொத்தமாக வட்டி தருகிற இரண்டு வருச வைப்பைப் போடுறதும் கவனம். வட்டி கைக்கு வருகிற வருசத்தில்தான் வருமானம். இரண்டு வருச வட்டி ஒரே வருசத்தில் விழுந்தால் வரி வீதம் மேலே போகும். மாதாந்த வட்டி எடுத்தால் செலவுக்கும் உதவும், வரியும் பரவும்.

பேரேடு:
கடைசி நேரச் சுமை பற்றிக் கேட்டீர்கள். இந்த மிச்ச வரி ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நாலு தவணையாகக் கட்ட வேண்டியது. கடைசி நிலுவைக்குச் செப்டம்பர் 30. பிந்தினால் மாதம் 1.5 வீத வட்டி. அடுத்த வருசத்துக்கு வாடகை கையில் வந்தவுடன் மாதம் 2,500 ஐ ஒதுக்கினால் தவணை உறுத்தாது.

கட்டும்போது காலக் குறியீட்டை (எந்த வருசம், எந்தத் தவணை என்று காட்டுகிற இலக்கம்) பார்த்துப் போடுங்கோ. 2025/26 இன் முதல் தவணை 25261, நாலாவது 25264, இறுதி நிலுவை 25260. ஒரு இலக்கம் மாறினால் காசு வேறு வருசத்தில் போய்க் கிடக்கும், உங்களுக்கு நிலுவைக் கடிதம் வரும்.

விபரத்திரட்டு நவம்பர் 30 க்குள் இணையத்தில் போக வேணும். பிந்தினால் தண்டம் 50,000 உம் மாதத்துக்கு 10,000 உம், அல்லது வரியின் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும்; எது பெரிதோ அது, 400,000 வரைக்கும். 11,700 ரூபா வரிக்கு 50,000 தண்டம் என்று யோசித்துப் பாருங்கோ. கடைசி வாரத்தில் தளம் இழுக்கும், ஒக்டோபரிலேயே அனுப்பி ஒப்புகையைச் சேமியுங்கோ. தளத்துக்குள் போகக் கடவுச்சொல் இல்லாவிட்டால் இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு இப்பவே தொலைபேசி எடுங்கோ. வேலைத்தளத்தில் டி-10 சான்றிதழும் (சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டுவது) வாங்கி வையுங்கோ.

குளக்கட்டு (கிளிநொச்சி):
நன்றி. சிறுபோகத்தில் 35,000 இலாபம் இருந்தது, அதைச் சேர்க்கேல்லை. அப்ப நட்டம் 45,000 தான்.

வரம்பு:
ஓம். வரி 85,200, கட்ட மிச்சம் 18,000.