‘ஒரே வீடு’ குழு, ஞாயிற்றுக்கிழமை

காலை 6:58

அம்மா: ஏணி யாரிடம் இருக்கிறது? மாடி விளக்கு போய்ப் பத்து நாள் ஆகிறது.

ரவி சித்தப்பா: எங்களிடம் இல்லை அண்ணி.

பிரபு அண்ணன்: போன வருடமும் இதே கேள்வி, இதே பதில்.

7:14

லதா சித்தி: சரோஜா அண்ணி, விழித்திருக்கிறீர்களா? கவின் ராத்திரி வாந்தி எடுத்தான். நேற்று கால்பந்து ஆட்டத்தில் அவன் தலையும் இன்னொரு பையன் தலையும் மோதிக்கொண்டன. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. மயக்கமும் போடவில்லை.

சரோஜா அத்தை: எத்தனை தடவை?

லதா சித்தி: 2

சரோஜா அத்தை: அடி எப்போது, வாந்தி எப்போது?

லதா சித்தி: அடி நாலரைக்கு. முதல் வாந்தி பத்தரைக்கு. அடுத்தது விடியற்காலை.

அப்பா: பயப்படாதே லதா. எங்கள் காலத்தில் தோல் பந்து மழையில் ஊறிக் கல் மாதிரி கனக்கும். அதை முட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம்.

பிரபு அண்ணன்: அதன் பலனை நாங்கள் இன்றும் அனுபவிக்கிறோம்.

அம்மா: ஆமாம்.

7:31

சரோஜா அத்தை: லதா, நிதானமாகப் படி. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. பெரும்பாலும் நினைவு தப்புவதே கிடையாது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே மூளை குலுங்கியிருக்கும். அறிகுறி அப்போதே வரலாம், சில மணி நேரம் கழித்து வரலாம், மறுநாளும் வரலாம். தலைவலி கூடிக்கொண்டே போகிறதா, வாந்தி திரும்பத் திரும்ப வருகிறதா, எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறானா, பேச்சு குழறுகிறதா, கை கால் ஒரு பக்கம் தளர்கிறதா, இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று பார். வலிப்பு வந்தால் சொல்லவே வேண்டாம். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் 31 வருடம் வார்டில் நின்றவள், சும்மா சொல்லவில்லை.

அப்பா: போன மாதம் 30 ஆக இருந்தது.

லதா சித்தி: கண் சரியாக இருக்கிறது. பேசுகிறான். ஆனால் அண்ணி, எழுந்ததும் ‘நேற்று எத்தனை கோல்?’ என்று என்னைக் கேட்கிறான்.

சரோஜா அத்தை: அவன்தானே ஆடினான்?

லதா சித்தி: கடைசி வரைக்கும்.

சரோஜா அத்தை: கிளம்பு.

சரோஜா அத்தை: ரவி எங்கே

சரோஜா அத்தை: டேய் ரவி

ரவி சித்தப்பா: குளித்துக்கொண்டிருந்தேன் அக்கா. வண்டியை எடுக்கிறேன்.

7:49

அப்பா: அடிபட்ட பிறகும் கடைசி வரை ஆடினானா? யார் ஆடவிட்டது?

பிரபு அண்ணன்: செந்தில் மாமா, நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்?

8:20

செந்தில் மாமா: இருந்தேன். 2 நிமிடம் வெளியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ‘ஆட முடியுமா?’ என்று கோச் கேட்டார். ‘முடியும்’ என்று இவன்தான் எழுந்து ஓடினான். மாற்று ஆட்கள் வேறு வரவில்லை. கோச் பிடித்துத் தள்ளிய மாதிரி யாரும் பேச வேண்டாம். 9 வருடமாகச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற மனிதர்.

சரோஜா அத்தை: தலையில் அடிபட்டவனிடமே தலை எப்படி இருக்கிறது என்று கேட்டு, அந்தத் தலை சொன்ன பதிலை நம்புவதா?

செந்தில் மாமா: கோச் டாக்டர் இல்லை அக்கா.

சரோஜா அத்தை: டாக்டர் எதற்கு? சந்தேகம் வந்தால் வெளியே. அன்றைக்கு முழுக்க வெளியே. அவ்வளவுதான் விதி. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அது பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களுக்கே வருகிறது.

அப்பா: நாங்கள் யாரும் சாகவில்லை.

பிரபு அண்ணன்: அப்பா, ஜெஃப் ஆஸ்டில் என்று இங்கிலாந்துக்கு ஆடியவர். 2002-ல் 59 வயதில் மூளை கெட்டு இறந்தார். பந்தை முட்டி முட்டி வந்தது, இது தொழில் நோய் என்றே விசாரணையில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக் கூடாது என்று 2015-லேயே சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 2020 முதல் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது. கவினுக்கு வயது 10.

அப்பா: ஆஸ்டில் ஆடி நான் படத்தில் பார்த்திருக்கிறேன்.

பிரபு அண்ணன்: அதுவா இப்போது விஷயம்?

8:41

அம்மா: செந்தில் தம்பி, உங்கள் வீட்டில் ஏணி இருக்கிறதா பாருங்கள்.

செந்தில் மாமா: இல்லை அக்கா. அன்றே கொடுத்துவிட்டேன்.

அம்மா: என்றைக்கு?

9:05

பிரபு அண்ணன்: அவன் ஏன் ‘முடியும்’ என்றான் தெரியுமா? 4 ஆட்டமாகப் பெஞ்சு. நேற்றுதான் உள்ளே விட்டார்கள். தலை சுற்றுகிறது என்று சொன்னால் இடம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா?

செந்தில் மாமா: திறமை இருந்தால் ஆட வைப்பார்கள்.

பிரபு அண்ணன்: கவின் டிசம்பரில் பிறந்தவன். வயதுக் கணக்கு ஜனவரி 1. அதே பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் இவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரியவன். 10 வயதில் ஒரு வருடம் என்றால் இரண்டு அங்குல உயரம் மாதிரி. பெரிய உடம்பைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவன் மேலும் ஆடித் தேறுகிறான், பெஞ்சில் இருப்பவன் பெஞ்சிலேயே தேய்கிறான். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்தவர்கள் கூட்டம் அதிகம் என்று கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள்.

அப்பா: டிசம்பரில் பெற்றது என் தம்பியின் தப்பு.

செந்தில் மாமா: கோப்பை ஆட்டம். ஜெயிக்க வேண்டாமா?

சரோஜா அத்தை: பத்து வயதில் என்ன கோப்பை?

அப்பா: கோப்பையை விடு. அந்தச் சின்னக் கோல் கம்பத்தை இன்னும் கட்டவில்லை. பிள்ளைகள் அதில் தொங்குகிறார்கள். 2 மாதத்துக்கு முன்பே சொன்னேன், மணல் மூட்டை வைக்கிறோம் என்றார்கள்.

சரோஜா அத்தை: அது கவிழ்ந்து எத்தனையோ குழந்தைகள் செத்திருக்கின்றன.

செந்தில் மாமா: ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

அப்பா: நீதானே சேர்த்துவிட்டாய். நிலாவையும் நீதான் சேர்த்தாய். அவள் பாதியில் விட்டு ஓடி வந்தாள். கால் வலியாம்.

பிரபு அண்ணன்: எங்கள் வீட்டு ஓய்வுபெற்ற வீராங்கனை.

10:26

ரவி சித்தப்பா: பார்த்துவிட்டார்கள். மூளை அதிர்ச்சிதான். படம் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. மாலை வரை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

அம்மா: அப்பாடா.

சரோஜா அத்தை: 2 நாள் போனைக் கொடுக்காதே. அதற்காக இருட்டறையில் படுக்க வைக்கவும் வேண்டாம், மெதுவாக நடக்கலாம். தூங்கவிடக் கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு, டாக்டர் பார்த்தாகிவிட்டது, தூங்கட்டும். முதலில் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகட்டும். அப்புறம் ஓட்டம், அப்புறம் பந்து, டாக்டர் சரி என்றால் கடைசியில்தான் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் நிறுத்திவிடு. கோச் கூப்பிடுகிறார் என்று…

ரவி சித்தப்பா: சரி அக்கா.

சரோஜா அத்தை: முழுதாகச் சொல்லவிடு.

லதா சித்தி: அந்த உதவி கோச் தம்பிதான் பாவம். நேற்றிலிருந்து 3 தடவை போன் செய்துவிட்டார். ஐஸ் வைத்ததும் அவர்தான், வண்டியில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

ரவி சித்தப்பா: அவரா? மச்சான், நீங்கள் கடைசி வரை அங்கே இருந்ததாகத்தானே சொன்னீர்கள்?

செந்தில் மாமா: ஒரு வேலை வந்தது. பாதியில் கிளம்பினேன். மற்றது கோச் சொன்னது.

அப்பா: நன்றாக இருக்கிறது.

சரோஜா அத்தை: வண்டியில் வேறு யார் இருந்தார்கள்?

லதா சித்தி: கவின் மட்டும்தான் அண்ணி.

சரோஜா அத்தை: உன்னைக் கேட்டாரா?

லதா சித்தி: இல்லை. உதவிதானே என்று நானும்…

பிரபு அண்ணன்: பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது சித்தி. செய்தி அனுப்பினாலும் பெற்றவர்கள் இருக்கிற குழுவில்தான். பிள்ளைகள் பாதுகாப்புக்கென்றே ஃபிஃபா 2019-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிளப்புக்குக் கிளப் ஒரு பொறுப்பாளர் வேண்டும். இங்கே யார்?

செந்தில் மாமா: உதவி செய்தவனையும் சந்தேகப்படுங்கள். அப்புறம் எவன் மைதானத்துக்கு வருவான்?

சரோஜா அத்தை: யாரையும் சந்தேகப்படவில்லை. விதி இருந்தால் நல்லவனுக்கும் அது காப்பு.

11:40

நான்: நீங்கள் இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்

சரோஜா அத்தை: நிலா, என்ன அழித்தாய்?

நான்: ஒன்றுமில்லை அத்தை.

செந்தில் மாமா: அப்படி ஏதாவது இருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையாவது சொல்லியிருக்காதா?

பிரபு அண்ணன்: 2016-ல் இங்கிலாந்தில் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் சிறுவயதில் கோச் செய்ததைப் பத்திரிகையில் சொன்னார். பின்னாலேயே நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். எல்லோரும் 20, 30 வருடம் வாயைத் திறக்காதவர்கள். 2021-ல் வந்த விசாரணை அறிக்கை கால்பந்துச் சங்கமே கோட்டை விட்டது என்றது. சொல்லவில்லை என்பதால் நடக்கவில்லை என்று அர்த்தமா மாமா?

11:52

நான்: எனக்கும் அனுப்புவார்.

நான்: உதவி கோச். ராத்திரி பதினொன்றுக்கு மேல்.

நான்: முதலில் ஆட்டத்தைப் பற்றித்தான். அப்புறம் வேறு.

நான்: வீட்டில் காட்டாதே என்றார்.

நான்: கால் வலி இல்லை அப்பா.

12:09

அப்பா: நிலா

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா சித்தி: ஐயோ. அவரோடா கவின் வந்தான்.

ரவி சித்தப்பா: கவினிடம் நான் மெதுவாகக் கேட்கிறேன்.

சரோஜா அத்தை: இப்போது கேட்காதே, தூங்கட்டும். நிலா, நீ செய்தது எதுவும் தப்பில்லை. போனில் இருப்பதை அழிக்காதே. வேறு யாரும் அவளைக் கேள்வி கேட்காதீர்கள். செந்தில், அவனுக்குப் போன் போடாதே.

அம்மா: நிலா கதவைத் திற

அம்மா: தப்பாக இங்கே போட்டுவிட்டேன்.

12:34

பிரபு அண்ணன்: வீராங்கனை என்று சொன்னதற்கு மன்னித்துவிடு.

நான்: ம்.

ரவி சித்தப்பா: கிளப்புக்கு எழுதுவதா, நேரே போலீஸுக்கா?

பிரபு அண்ணன்: போலீஸ். கவின் அடிபட்டதும் இதுவும் வேறு வேறு விஷயம், ஒரே கடிதத்தில் போடக் கூடாது.

அப்பா: நான் இப்போதே மைதானத்துக்குப் போகிறேன்.

சரோஜா அத்தை: போகாதே அண்ணா. போனால் அவன் உஷாராகிவிடுவான். முதலில் நிலா என்ன நினைக்கிறாள் என்று கேட்போம். சாயங்காலம் நான் வருகிறேன்.

செந்தில் மாமா: கோச்சுக்கு இது தெரிந்திருக்காது. நான் அவரிடம் மட்டும் பேசட்டுமா?

ரவி சித்தப்பா: வேண்டாம் மச்சான்.

செந்தில் மாமா: 9 வருடப் பழக்கம் மாப்பிள்ளை.

ரவி சித்தப்பா: தெரியும்.

1:22

லதா சித்தி: கவின் எழுந்துவிட்டான். மறுபடியும் எத்தனை கோல் என்கிறான். யாருக்காவது தெரியுமா?

அப்பா: 2-1. நம் பக்கம்தான்.

பிரபு அண்ணன்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: கோச் நேற்றே அனுப்பியிருந்தார்.

1:40

செந்தில் மாமா: அக்கா, ஏணி எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கிறது. சாயங்காலம் கொண்டு வருகிறேன்.

அம்மா: வாருங்கள்.