மின்சாரக் கார் சர்வீஸில் நிற்கும்போது தரப்படும் மாற்று வண்டியில் எல்லை தாண்டலாமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். என் மின்சாரக் காரின் பேட்டரியில் பழுது என்று பாலக்காட்டிலுள்ள சர்வீஸ் சென்டரில் நிறுத்திக்கொண்டார்கள். உதிரிபாகம் வரும்வரை ஓட்டிக்கொள்ள, கியர் மாற்றி ஓட்டும் பெட்ரோல் கார் ஒன்றைத் தருவதாகவும், நாள்தோறும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புச் செலவாகக் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நான் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு வேலைக்குச் சென்று திரும்புபவள். பிறர் பெயரிலுள்ள வண்டியில் மாநில எல்லையைக் கடப்பதில் சிக்கல் உண்டா? விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? என் கார் வாரக்கணக்கில் நின்றால் பேட்டரிக்குக் கேடு வருமா?

வேலந்தாவளம் இன்சூரன்ஸ் முகவர்:
டீச்சர், எல்லை ஒரு தடையே அல்ல. கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவுக் கேள்வி எழும். அன்றாடம் போய் வருபவர்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சிறு தொகையைத்தான். வெள்ளை நம்பர் பலகையில் கருப்பு எழுத்துள்ள வண்டி சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. தாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டிக்கு எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் அது வாடகையாகக் கருதப்படக்கூடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு கேட்கும் பெர்மிட் இல்லை என்று காட்டி, வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்க அது இடம் கொடுத்துவிடும். ஆகவே இலவசமாகத் தருவதாக எழுதி வாங்குங்கள், அல்லது கருப்புப் பலகை வண்டியைக் கேளுங்கள். பதிவாகாத, டீலரின் டிரேடு சர்டிபிகேட்டில் (இன்னும் விற்காத வண்டிகளுக்காக டீலருக்குத் தரப்படும் சான்று) ஓடும் வண்டியைத் தந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலிசியிலுள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) பெயருள்ள உரிமையாளருக்கு உரியது. இரவலாக வாங்கி ஓட்டும் உங்களுக்கு அது கிடைக்காது. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு இல்லையென்றால், வண்டியை எடுப்பதற்கு முன்பே ஒன்று எடுத்துவிடுங்கள்.

சித்தூர் வாசகர்:
வண்டி கைமாறும் நாளையும் நேரத்தையும் இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலையிலுள்ள ஏ.ஐ. கேமராக்கள் விதிமீறலைப் படம்பிடித்து, அபராதம் விதிக்கப்பட்டு வருகிறது. நோட்டீஸ் உரிமையாளருக்குத்தான் போகும். உங்களுக்கு முன்னால் ஓட்டியவரின் அபராதம் உங்கள் தலையில் விழாமலிருக்க அந்தத் தாள் உதவும். பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி வழியாகக் கோவை போனால், அவர்களுடைய ஃபாஸ்டேகில் பிடிபடும் பணத்தை யார் தருவது என்பதையும் பேசிவிடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் வண்டியிலேயே இருக்கட்டும்.

மின்வண்டி மெக்கானிக், பாலக்காடு:
பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கவலை. முழுச் சார்ஜிலோ அறவே தீர்ந்த நிலையிலோ நீண்ட நாள் நிறுத்துவதுதான் கெடுதல். பாதியளவு சார்ஜில் நிழலில் நின்றால் பெரிய பாதிப்பு வராது. பெரிய பேட்டரியைக் காட்டிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரிதான் முதலில் சோர்ந்துபோகும் என்பதால், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சார்ஜ் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது தரும் வேலைக் குறிப்புத் தாள்) குறித்து வாங்குங்கள். பேட்டரியையே மாற்றினால் புதியதன் சீரியல் எண்ணும் அதில் ஏற வேண்டும்.

ஓட்டுவதிலும் கவனம் தேவை. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி எடுத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் காரில், அதுவும் மேல் கியரில், அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. விடியற்காலையில் கள்ளு ஏற்றிய வண்டிகள் விரையும் நம் பக்கத்துச் சாலைகளில் அந்தப் பழக்கத்தை நம்பி நெருங்கிப் போனால் ஆபத்து. முதலில் கூட்டமில்லாத சாலையில் கிளட்சையும் பிரேக்கையும் கால் பழகும்வரை ஓட்டிப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மூவருக்கும் நன்றி. பணம் வாங்கமாட்டோம் என்று எழுதித் தந்தால் மட்டுமே வண்டியை எடுப்பேன். இல்லையென்றால் உதிரிபாகம் வரும்வரை பேருந்தில் போய் வருகிறேன்.