குவாடலூப் ஆற்றங்கரையில் டென்ட் போட்டுத் தங்க: சான் ஆண்டோனியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: டெக்சாஸுக்குப் புதிது. இரண்டு குடும்பம், நான்கு பெரியவர்கள், நான்கு குழந்தைகள். குவாடலூப் ரிவர் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். டென்ட் போட்டுப் பழக்கம் இல்லை. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1

முதலில் முன்பதிவு. ஐந்து மாதம் முன்பே கேம்ப்சைட் திறந்துவிடுவார்கள். வசந்த காலத்துச் சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஞாயிறு முதல் வியாழன் வரை எளிதாகக் கிடைக்கும். ஒரு இடத்துக்கு எட்டுப் பேர் என்பது வரம்பு. நீங்கள் சரியாக எட்டுப் பேர்தான், ஆனாலும் இரண்டு இடம் அடுத்தடுத்து எடுங்கள். இரண்டு பெரிய டென்ட், இரண்டு கார், சமையல் மேசை எல்லாம் ஒரே இடத்தில் அடங்காது.

கேம்ப்சைட் வாடகையில் நுழைவுக் கட்டணம் சேராது. இதைத் தெரியாமல் வாசலில் திகைப்பவர்கள் நிறைய. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு, நாளுக்கு 7 டாலர். ஆண்டு பாஸ் 70 டாலர். அது இருந்தால் பாஸ் வைத்திருப்பவரோடு ஒரே வண்டியில் வருகிற எல்லோருக்கும் நுழைவு இலவசம், டெக்சாஸின் மற்ற ஸ்டேட் பார்க்குகளிலும் செல்லும். வருடத்தில் நாலைந்து முறை போவீர்கள் என்றால் பாஸ்தான் லாபம்.

முதல் தடவை டர்க்கி சிங்க் பகுதியில் எடுங்கள். கரன்ட் உண்டு, காரைப் பக்கத்திலேயே நிறுத்தலாம், ரைஸ் குக்கரும் ஓடும். வேகன் ஃபோர்டு பகுதி அமைதியானது, ஆனால் காரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். சின்னக் குழந்தைகளோடு முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

வழி: நெடுஞ்சாலை 281-ம் 46-ம் சந்திக்கிற இடத்திலிருந்து 46-ல் மேற்கே எட்டு மைல், பிறகு பார்க் ரோடு 31. விட்டுப்போன சாமானையும் ஐஸையும் அந்தச் சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி டென்ட். பெட்டியில் ஆறு பேர் என்று போட்டிருந்தால் நாலு பேருக்கு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் மேல்மண் மெல்லியது, கீழே சுண்ணாம்புப் பாறை. டென்ட்டோடு வருகிற கம்பி முளைகள் இரண்டு தட்டுத் தட்டினாலே வளைந்துவிடும். பத்து அங்குல எஃகு முளைகளும் ஒரு சுத்தியலும் தனியாக வாங்குங்கள். கீழே விரிக்கிற தார்ப்பாய் டென்ட்டின் அடியைவிட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். நவம்பர் முதல் மார்ச் வரை இரவில் 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழேயும் இறங்கலாம். குளிர் ஏறுவது பெரும்பாலும் தரையிலிருந்துதான், அதனால் மேலே போர்வை அடுக்கிப் பயனில்லை, முதுகுக்குக் கீழே தடித்த பேட் வேண்டும். ஸ்லீப்பிங் பேக்கில் 40 டிகிரி என்று இருந்தால் 50 டிகிரி வரைதான் சுகமாகத் தூங்கலாம்.

சமையல்: இரட்டை அடுப்பு ஒன்று, ஒரு பவுண்டு புரொபேன் சிலிண்டர் நான்கு. இரண்டு பர்னரையும் முழுத் தீயில் வைத்தால் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வரும். பருப்பையும் குழம்பையும் வீட்டிலேயே செய்து, உறைய வைத்து, கூலர் பெட்டியில் ஐஸுக்குப் பதிலாக அடுக்குங்கள். மிஞ்சிய சோற்றை மரத்தடியில் கொட்டவே கூடாது. ரக்கூன் என்ற இரவு விலங்கு வரும், கூலர் மூடியைத் திறக்கவும் அதற்குத் தெரியும். இரவில் உணவெல்லாம் காருக்குள் பூட்டியிருக்கட்டும். விறகு பொறுக்கத் தடை. வெளியே மது அருந்தவும் தடை.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

காவிரிக்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேட்டூரில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்று செய்தி வரும், தண்ணீர் வந்து சேர நேரம் இருக்கும். இந்தப் பூங்காவுக்கு மேலே அப்படி வெள்ளத்தைத் தேக்குகிற பெரிய அணை கிடையாது. கேன்யன் அணை பூங்காவுக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே கெர்வில் பக்கம் கொட்டுகிற மழை, மெல்லிய மண்ணும் பாறையும் உறிஞ்சாமல் நேராக ஆற்றில் இறங்கும். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிற இரவிலும் வெள்ளம் வரலாம். 2025 ஜூலை 4 விடியலுக்கு முன், கெர்வில்லுக்கும் மேலே உள்ள ஹன்ட் பகுதியில் இதே ஆறு முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 26 அடி உயர்ந்தது. அந்த ஊர்கள் அடங்கிய கெர் கவுன்ட்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே, போகும் முன் வானிலையைப் பார்க்கும்போது பூங்காவுக்கு மட்டும் பார்க்காதீர்கள், கெர்வில்லுக்கும் பாருங்கள். யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) இணையதளத்தில் ஸ்பிரிங் பிராஞ்ச் என்ற இடத்து ஆற்றுநீர் அளவியும், மேலே கம்ஃபர்ட் ஊரின் அளவியும் இருக்கின்றன. வினாடிக்கு எத்தனை கன அடி என்பது அதில் தெரியும். எண்ணைவிட கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம்: கம்ஃபர்ட்டில் கோடு செங்குத்தாக ஏறினால் தண்ணீரில் இறங்க வேண்டாம். 'ஃபிளாஷ் ஃபிளட் வாட்ச்' என்றால் வெள்ளத்துக்கு வாய்ப்பு. 'வார்னிங்' என்றால் வந்துகொண்டிருக்கிறது, சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு நடக்க வேண்டும். பள்ளத்தில் செல்போன் சிக்னல் போய்விடும், எச்சரிக்கை ஒலிக்காமலே போகலாம். பேட்டரியில் ஓடுகிற, அரசின் வானிலை எச்சரிக்கையைச் சொல்கிற என்.ஓ.ஏ.ஏ. வானிலை ரேடியோவைத் தலைமாட்டில் வையுங்கள். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும், ஒரு அடி சின்னக் காரை இழுக்கும். தண்ணீர் மூடிய சாலையில் வண்டியை இறக்காதீர்கள்.

சாதாரண நாளிலும் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. பாறையில் பாசி வழுக்கும், முழங்கால் ஆழம் இன்னொரு காலடி எடுத்து வைத்தால் கழுத்தளவாகும். ரப்பர் செருப்பு நழுவிவிடும், பின்பட்டை உள்ள காலணி போடுங்கள். துப்பட்டாவோடும் சேலையோடும் இறங்காதீர்கள், சைப்ரஸ் மரத்தின் வேரில் மாட்டினால் எடுக்க முடியாது. விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. தண்ணீர் அதை நோக்கி வருகிற பக்கத்தில் குழந்தைகளை மிதக்க விடாதீர்கள். ஓட்டம் இழுத்தால் எழுந்து நிற்க முயல வேண்டாம், பாறை இடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து கரைக்கு ஒதுங்க வேண்டும். காயக்கில் 13 வயதுக்குக் குறைந்த குழந்தை லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். நீந்தத் தெரியாத பெரியவர்களும் போடுங்கள். கையில் மாட்டுகிற காற்றடைத்த பட்டை அதற்கு ஈடாகாது.

பதில் 3

நடைக்கு: பெயின்டட் பன்ட்டிங் பாதை குழந்தைகளுக்கு ஏற்றது. பக்கத்தில் ஹனி கிரீக் என்ற இயற்கைக் காப்பிடம் இருக்கிறது, வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே போக முடியும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், தெளிந்த ஓடை, விட்டுவிடாதீர்கள். மார்ச் முதல் ஜூன் வரை பொன்கன்னக் கதிர்க்குருவி (golden-cheeked warbler) இங்கே கூடு கட்டும். டெக்சாஸைத் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை.

மூன்றிலைக் கொத்தாக இருக்கும் செடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஐவியாக இருக்கலாம். புல்லில் உட்காரும் முன் நெருப்பெறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சீடர் என்று இங்கே சொல்கிற ஜூனிப்பர் மரத்தின் மகரந்தம் பறக்கும், மூக்கு ஒழுகிக் கண் எரியும். ஒவ்வாமை மாத்திரையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க உரிமம் வேண்டாம். தூண்டில் இருந்தால் எடுத்துப் போங்கள்.