பனையோடு போன பிள்ளைப் பருவம்

உடன்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயது என்றாலே பனைதான் முதலில் வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான். நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. செம்மண் பூமி. குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மணல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அந்த மண்ணில் எங்களைக் காப்பாற்றியது பனை. அரிசி வாங்கிய காசு, பள்ளிக்கூட நோட்டு, தீபாவளித் துணி எல்லாம் அந்த மரத்திலிருந்து இறங்கியவைதான்.

தாத்தா பனையேறி. மாசி, பங்குனியில் பதனீருக்காகப் பாளை சீவத் தொடங்கினால் ஆனி வரைக்கும் ஓய்வு கிடையாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறியே ஆகவேண்டும். விட்டுவிட்டுச் சீவினால் பாளை சுரக்காது. அதனால் அந்த மாதங்களில் வெளியூரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் ஆச்சி மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவாள். தாத்தாவின் மாரிலும் முன்கையிலும் மரத்தில் உரசி உரசிக் காய்த்துப் போயிருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். வலிக்காதா என்று கேட்டால், "அதுக்கு எப்பவோ பழகிட்டு" என்பார்.

சீசன் வந்ததும் குடும்பமே தோட்டத்து விடிலிக்குக் குடிபோய்விடும். பனையோலை வேய்ந்த குடிசை, உள்ளே பெரிய மண் அடுப்பு. கருப்பட்டி காய்ச்சுவது அங்கேதான். பதனீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். அது அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றுவார்கள். எரிப்பதற்குக் காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள். கொதி ஏறியதும் நுரை பொங்கி விளிம்பைத் தாண்டப் பார்க்கும். ஆச்சி ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவாள். அவ்வளவுதான், பொங்கினது அப்படியே உட்கார்ந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எங்களுக்கு அது அதிசயம்தான்.

பதம் பார்க்கும் உரிமை ஆச்சிக்கு மட்டும். கொஞ்சம் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவாள். திரண்டு வந்தால் இறக்கச் சொல்வாள். முந்தினால் சிரட்டையில் உறையாது, பிந்தினால் கருகிக் கசந்துவிடும். தேங்காய்ச் சிரட்டைகளைத் தண்ணீரில் நனைத்து, ஆடாமல் நிற்க மணலில் வரிசையாகப் பதித்துவைப்பது பிள்ளைகளின் வேலை. ஊற்றி முடித்த பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பாகை ஈர்க்கால் சுரண்டித் தின்பதுதான் எங்களுக்குக் கூலி. "ஏட்டி, நாக்கு வெந்துரும், ஆறட்டும்" என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள். யார் கேட்டார்கள்! இளஞ்சூட்டில் இழுத்தால் நூலாக நீளும் அந்தப் பாகுக்குப் பக்கத்தில் எந்தக் கடை மிட்டாயும் நிற்காது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த மாதங்களில் அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும், அத்தனை புகை. பகல் முழுவதும் அடுப்படி, ராத்திரி அரிக்கேன் விளக்கில் ஓலை கிழித்துப் பெட்டி முடைவாள். எங்களுக்கு அந்த வாழ்க்கை லேசாக இருந்ததென்றால் பாரமெல்லாம் அவள் தலையிலும் தாத்தா தோளிலும் இருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. வீடு வாசல் என்று ஆன பிறகுதான் உறைக்கிறது.

பதனீரைப் பட்டையில் குடித்தவர்களுக்குத் தம்ளரில் குடிக்கப் பிடிக்காது. பச்சை ஓலையை விரித்து மடக்கி, நுனியைச் சேர்த்துக் கட்டித் தாத்தா ஒரு தொன்னை மாதிரி செய்து தருவார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். உள்ளே நுங்கைத் தோண்டிப் போடுவார், சில நாள் மாங்காயையும் நறுக்கிப் போடுவார். இனிப்பும் புளிப்பும் ஓலை வாசமும் சேர்ந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பதனீரில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, கடைசியில் தேங்காய் துருவிப் போடுவாள் அம்மா. அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

விளையாட்டுச் சாமானுக்குக் காசு கொடுத்ததாக நினைவே இல்லை. நுங்கைக் குடித்துப் போட்ட வெறுங்காய்க்குக் கூந்தல் என்று பேர். இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்தால் வண்டி தயார், கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓலையில் காற்றாடி, கிலுக்கு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலுக்குப் போகும்போது மட்டும் பலூன் வாங்கித் தருவார்கள். சுற்றிலும் தேரி கொதித்துக் கிடக்க, அந்தச் சுனைப் பக்கம் மட்டும் மரமும் நிழலுமாகக் குளுகுளுவென்று இருக்கும்.

ஆவணி வாக்கில் பனம்பழம் விழும். ராத்திரி படுத்திருக்கும்போது 'தொம்'மென்று சத்தம் கேட்டால், எந்த மரத்தடி என்று மனசுக்குள் குறித்துவைத்துக்கொண்டு விடியுமுன் ஓடுவோம். சுட்டுத் தின்றால் முகமெல்லாம் மஞ்சளாகும், பல்லிடுக்கில் நார் மாட்டும், அன்றைக்குப் பூராவும் கையில் வாசம் போகாது. தின்று போட்ட கொட்டையை யாரும் எறிய மாட்டோம். மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, அதில் அடுக்கி மூடிவிடுவார் தாத்தா. மழை பெய்ததும் ஒவ்வொரு கொட்டையும் மண்ணுக்குள் கிழங்கு விடும்.

கார்த்திகைக்குக் குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்பார்கள். கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்த மாவு. அதைவிட நான் காத்திருந்தது மார்கழி கடைசியில் பாத்தியைத் தோண்டும் நாளுக்குத்தான். கிழங்கை ஒடித்தெடுத்த பிறகு கொட்டையை அரிவாளால் பிளந்தால் உள்ளே வெள்ளையாகத் தவுண் இருக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று, கடித்தால் தண்ணியாக இனிக்கும். தாத்தா வெட்டிப் போடப்போட நாங்கள் அண்ணன் தங்கச்சி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தோண்டித் தின்போம். பொங்கலுக்கு அந்தக் கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவிப்பார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பொங்கல்படி கொண்டுபோகும்போது கரும்போடும் மஞ்சள்குலையோடும் கிழங்குக் கட்டும் போகும். எனக்கும் வந்தது.

இப்போது கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. காலையில் என் அடுப்பில் முதலில் ஏறுவது கருப்பட்டிக் காபிதான், சுக்கு தட்டிப் போட்டு. பால் சேர்ப்பதாக இருந்தால் கருப்பட்டித் தண்ணீரை வடிகட்டிக் கொஞ்சம் ஆறவைத்த பிறகுதான் ஊற்றுவேன், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்துவிடும். கடையில் கருப்பட்டி என்று விற்பதில் சீனிப்பாகு கலந்தது நிறைய வருகிறது. ஒரு துண்டு வாயில் போட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க் கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் லேசாக உவர்ப்பு ஓடும், கலப்படத்தில் அது இருக்காது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "அது சரிட்டி, ஏறுததுக்கு ஆள் வேணும்லா" என்றாள். உண்மைதான். பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், மரம் நிற்கும். ஆனால் தாத்தாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறவில்லை. அண்ணன் லாரி ஓட்டப் போனான், நான் கணக்கு எழுத வந்தேன். தாத்தாவே எங்களைப் படிக்கத்தான் சொன்னார்.

போன கோடையில் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போனபோது என் மகன் நுங்கு வண்டியைக் கற்றுக்கொண்டான். கூந்தல் காய்ந்து சுருங்குகிற வரைக்கும் இங்கே மாடியில் அதைத்தான் தள்ளிக்கொண்டு திரிந்தான். பக்கத்து வீட்டுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். மகளுக்கு வண்டியில் ஆசை இல்லை, அவளுக்குக் கிழங்கு. நாரை உரித்து, நடுவே இருக்கும் பீலியை இழுத்துப் போட்டுவிட்டு, துண்டு துண்டாக ஒடித்துத் தின்பதில் என்னையே மிஞ்சிவிட்டாள்.

நேற்று அம்மா பேசினாள். பாத்தி தோண்டியாயிற்றாம்.

"கிழங்கை அவிச்சு அனுப்பவா, பச்சையா அனுப்பவா?"

"பச்சையாவே போடும்மா, வர்ற வழியில ஊசிப்போகும்."

"தவுணும் வைக்கட்டா?"

தவுண் இரண்டு நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், பிள்ளைகளுக்கும் சேர்த்து.