தாத்தா வீடு, பட்டர்வொர்த் (குடும்பக் குழு)

மாலா 6:21: கவினுக்கு மறுபடியும் வாந்தி. இன்னிக்குக் கணிதச் சோதனை. 7 மணிக்கு வேன் வந்திரும். அனுப்பவா வேணாமா?

பாட்டி: கண்ணு பட்டிருக்கும். உப்பு மிளகாய் சுத்திப் போடு. லீவு எடுக்கட்டும்

குமார்: 4ஆம் ஆண்டுதானே. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரீட்சையையே 2021ல ரத்து பண்ணியாச்சு, அப்புறம் என்ன பயம் லா

சாந்தி: மாலா, காய்ச்சல் இருக்கா? ராத்திரி வலியில எழுந்தானா? லீவு நாள்லயும் வருதா?

மாலா: இல்ல அண்ணி. சோதனை அன்னிக்கு மட்டும்

சாந்தி: அப்ப அனுப்பு. நடிக்கிறான்னு யாரும் சொல்லாதீங்க, வலி நிஜம். பயந்தா ரத்தம் வயித்தை விட்டுக் கை காலுக்குப் போகும், அதான் குமட்டுது. வீட்டுல நிறுத்தினா அரை மணியில சரியாயிடுவான். போகலன்னா வலி போயிடுதுன்னு உடம்பு பழகிக்கும். அடுத்த தடவை முதல் நாள் ராத்திரியே ஆரம்பிக்கும்

செல்வி: ஞாயிறு காதுகுத்துக்கு வாழை இலை யார் எடுக்கிறா?

சாந்தி: இலை அப்புறம். மாலா, பசியாற வற்புறுத்தாதே. 2 பிஸ்கட், அரை கப் மைலோ போதும். 4 எண்ணி மூச்சு இழுக்கட்டும், 6 எண்ணி விடட்டும், 5 தடவை. விடறதுதான் நீளமா இருக்கணும். வெறுமனே "நல்லா மூச்சு விடு"ன்னா வேகமா இழுத்துத் தலை சுத்தும். அப்புறம் ஒரு தாள்ல 10 நிமிஷம் பயத்தையெல்லாம் எழுதட்டும். எழுத்துப்பிழை பாக்காதே, வாங்கிப் படிக்காதே

குமார்: எழுதினா பயம் போயிடுமா?

சாந்தி: போகாது, மனசுல இடம் விடும். 47ஐ 6ஆல பெருக்கறப்ப முதல்ல 7ஐ 6ஆல பெருக்கினா 42, 2 எழுதி 4 கையில வெச்சுக்கணும். "அப்பா திட்டுவாரு"ன்னு உள்ள ஓடிட்டே இருந்தா அந்த 4தான் காணாமப் போகும். 2011ல ராமிரெஸ், பெய்லாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 9ஆம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட இதைச் செஞ்சு பாத்தாங்க. பதட்டம் அதிகமுள்ள பிள்ளைங்களுக்குத்தான் பலன் கிடைச்சது

மாலா: நேத்து எல்லாம் கடகடன்னு சொன்னானே அண்ணி

சாந்தி: புத்தகம் திறந்திருந்துச்சா? மூடிவெச்சு, கடிகாரம் பாத்து எழுதணும். வாரம் 2 தடவை, 15 நிமிஷம். அப்பதான் சோதனை மேசை புதுசாத் தெரியாது

சாந்தி: குமாரு, போன தடவை ரெண்டு பிள்ளைங்க மார்க்கையும் இதே குழுவுல பக்கத்துல பக்கத்துல போட்டே. கவின் பாத்துட்டான். அவன் பயம் தாள் மேல இல்ல, இந்தக் குழு மேல

குமார்: நல்லதுக்குத்தான் போட்டேன்

பாட்டி: எனக்கு எல்லாப் பேரனும் ஒண்ணுதான்

குமார்: அப்ப மார்க்கே கேக்கக் கூடாதா?

சாந்தி: எந்தக் கணக்கு கஷ்டமா இருந்துச்சுன்னு கேளு

மாலா 6:58: எழுதி முடிச்சிட்டான். தாளை மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டான். வேன் வந்திருச்சு, கையை விடமாட்டேங்கிறான்

சாந்தி: தெரிஞ்ச கணக்கை முதல்ல போடச் சொல்லு. ஏத்திட்டு உடனே திரும்பிடு

செல்வி: இலை 60 போதுமா?