டி-டெஸ்ட் வித்தியாசம் இல்லை என்கிறது, கண்ணுக்குத் தெரிகிறதே? (அவசரம்)

அவனியாபுரம் எம்எஸ்சி:
நாளை மறுநாள் புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க மலைப் பனித் தரவு. ஒரு நெடுவரிசையில் ஸ்னோ பில்லோ (பனிக்கு அடியில் கிடந்து அதன் எடையை அளக்கும் கருவி) காட்டிய அளவு, அடுத்ததில் கையால் குழாய் இறக்கி எடுத்த அளவு. எக்செலில் கோரிலேஷன் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) 0.98, டி-டெஸ்டின் p மதிப்பு 0.62 (இது மிகச் சிறிதாக இருந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று கொள்வார்கள்). ஆனால் பெரும்பாலான வரிகளில் குழாய் அளவுதான் கூடுதல். எதை நம்புவது?

மேலூர்க்காரன்:
பனியின் ஆழமா, உருகினால் கிடைக்கும் நீரா? இரண்டும் அங்குலமா? ஒரே தேதிகளா?

பேரையூர் வாத்தியார்:
விடுபட்ட நாள்களில் பூஜ்யம் போட்டிருப்பீர்கள். காலிக் கட்டத்தைச் சராசரி ஒதுக்கிவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். எப்போதும் இதுதான் வினை.

சராசரிப்புலி:
கோரிலேஷனைத் தூக்கிக்கொண்டு வருவோருக்குக் குறைவே இல்லை. ஒரு நெடுவரிசை முழுவதையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 0.98 அசையாது. இரண்டு அளவீட்டு முறைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது பற்றிப் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதை முதலில் படியுங்கள். பிறகு பேசலாம்.

தேனிச்சாரல்:
காரணம் பனிப்பாலம்தான். பில்லோ தன்மேல் கிடக்கும் பனியின் எடையை உணரும் பை. இடையில் ஓர் அடுக்கு இறுகிவிட்டால் எடையைச் சுற்றியுள்ள பனி தாங்கிக்கொள்ளும், பில்லோ குறைத்துக் காட்டும்.

மேலூர்க்காரன்:
குழாய் மட்டும் யோக்கியமா? ஃபெடரல் சாம்ப்ளர் என்ற பனிக்குழாய் கூட்டிக் காட்டும் என்பது பழைய புகார்.

வைகைக்கரை:
மதுரையில் இருந்துகொண்டு பனி எதற்கு? வைகை நீர்ப்பிடிப்பு மழையை எடுத்திருக்கலாம். தானியங்கி மழைமானியையும் கைமானியையும் ஒப்பிட ஆளே இல்லை.

தேனிச்சாரல்:
அடைமழையில் தானியங்கிக்குள் மழை நிரம்பிக் கவிழும் சிறு வாளி, கவிழ்ந்து முடிவதற்குள் நீர் வீணாகும். அதை ஒப்பிட்டு என்ன பயன்?

வைகைக்கரை:
அதற்காகத்தானே ஒப்பிடுவது!

திருமங்கலம் டேட்டா:
தம்பி, டி-டெஸ்ட் சூத்திரத்தின் கடைசி எண் என்ன? 1 என்றால் ஜோடி ஜோடியாக ஒப்பிடும். 2, 3 இரண்டு நெடுவரிசைகளையும் தொடர்பற்ற குழுக்களாகக் கொள்ளும். குளிர்காலத் தொடக்கத்தில் 3 அங்குலம், ஏப்ரலில் 30 என்றால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஓர் அங்குல வித்தியாசம் காணாமல் போகும்.

அவனியாபுரம் எம்எஸ்சி:
3 இருந்தது. 1 போட்டதும் 0.004. இரண்டும் அங்குல நீர், ஒரே தேதிகள். நன்றி அண்ணா.

சராசரிப்புலி:
0.004 மட்டும் போதாது. சராசரியாக எத்தனை அங்குலம் வித்தியாசம்? பனி கூடக் கூட அதுவும் கூடுகிறதா? ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் அந்த ஜோடியின் சராசரிக்கு எதிரே வரைந்தால் தெரியும். அடுத்தடுத்த நாள் அளவுகள் என்றால் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும், 0.004ஐயே நம்ப முடியாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்தது?

பேரையூர் வாத்தியார்:
பூஜ்யம் இருந்ததா என்று அவர் சொல்லவே இல்லை.

வைகைக்கரை:
அவர் போய்விட்டார் வாத்தியாரே. தேனிச்சாரல், கைமானியைக் காலை 8.30க்குப் பார்ப்பார்கள். தானியங்கியில் நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டினால் எப்படி ஒத்துப்போகும்? முதலில் அதைச் சொல்லுங்கள்.